முழங்கால் மூட்டுத் 'தேய்மானம்': ஓய்வெடுப்பதா, நடப்பதா?

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் முழங்கால் வலி என்று மருத்துவரிடம் செல்கிறார். எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. படத்தைப் பார்க்கும் மருத்துவர், "மூட்டு தேய்ந்துவிட்டது" என்கிறார். தமிழர்களில் பெரும்பாலோர் இந்த நோய்க்கு அறிந்திருக்கும் பெயரும் அதுவே: மூட்டுத் தேய்மானம்.

அந்தச் சொல்லைக் கேட்டு வீடு திரும்புபவரின் மனதில் என்ன எழும் என்பது எளிதில் ஊகிக்கக்கூடியது. செருப்பு தேய்கிறது, வண்டியின் டயர் தேய்கிறது, அம்மி தேய்கிறது. பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்வதே அவற்றின் இயல்பு. எனவே எஞ்சியிருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவர் நடையைக் குறைக்கிறார். மாடிப்படிகளைத் தவிர்க்கிறார். கடைக்குச் செல்லும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கிறார்.

ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்று மருத்துவ உலகம் அழைக்கும் இந்த நோயில், பலருக்குக் கூடுதல் தீங்கு விளைவிப்பது அந்த முடிவுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 52 கோடியே 80 லட்சம் பேர் இந்த நோயுடன் வாழ்ந்தனர். நோய் அதிகம் தாக்கும் மூட்டு முழங்கால்; சுமார் 36 கோடியே 50 லட்சம் பேருக்குப் பாதிப்பு அங்கேதான் இருந்தது. நோயுள்ளவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் பெண்கள்.

உயிருள்ள திசு

தொடை எலும்பின் கீழ்முனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையையும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இரண்டு எலும்புகளுக்கும் இடையே பிறை வடிவில் இரண்டு சவ்வுகள் அமர்ந்து அதிர்வைத் தாங்குகின்றன. இவை அனைத்தையும் சூழ்ந்துள்ள மூட்டு உறை, எண்ணெய் போன்றதொரு திரவத்தைச் சுரந்துகொண்டிருக்கிறது.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. இந்த இரண்டு செய்திகளிலிருந்து இரண்டு முக்கியமான விளைவுகள் பிறக்கின்றன.

முதலாவது, இரத்தம் வந்து சேராத அந்தத் திசுவுக்கு உணவு மூட்டுத் திரவத்தின் வழியாகவே கிடைக்கிறது. கால் ஊன்றும்போது அழுத்தப்பட்டு, கால் தூக்கும்போது விரிந்து, ஈரப் பஞ்சைப் போல அது திரவத்தை வெளிவிட்டும் உள்ளிழுத்தும் வாழ்கிறது. அசையாத மூட்டில் இந்தப் போக்குவரத்து மந்தமாகிவிடுகிறது. டயர் ஓடினால் தேயும். குருத்தெலும்பு ஓடாவிட்டால் நலியும்.

இரண்டாவது, நரம்பில்லாத குருத்தெலும்புக்கு வலிக்கத் தெரியாது. நோயாளி உணரும் வலி அதன் அடியிலுள்ள எலும்பிலிருந்தும், அழற்சியுற்ற மூட்டு உறையிலிருந்தும், சுற்றியுள்ள தசைநார்களிலிருந்தும் வருகிறது. நெடுநாள் வலியில் நரம்பு மண்டலமே கூருணர்வு பெற்று, சிறிய தூண்டுதலையும் பெரிய வலியாக உணரத் தொடங்குவதும் உண்டு. உறக்கமின்மை, மனச்சோர்வு, தனிமை ஆகியவை வலியைக் கூட்டுவது இதனால்தான்.

ஆகவே இந்நோயை வெறும் உராய்வின் விளைவாக மருத்துவ உலகம் இப்போது கருதுவதில்லை. சிதைவும் சீரமைப்பும் எந்நேரமும் நடந்துகொண்டிருக்கும் ஓர் உறுப்பில், சிதைவின் கை ஓங்கிவிடும் நிலை என்றே அது விளங்கிக்கொள்ளப்படுகிறது. எலும்பின் ஓரங்களில் முள் போல வளரும் புடைப்புகள்கூட, சுமையைப் பரவலாகத் தாங்குவதற்கு உடல் மேற்கொள்ளும் முயற்சியின் அடையாளம் என்று கருதப்படுகிறது. இழந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கக்கூடியதாக நிறுவப்பட்ட மருந்து எதுவும் இன்றுவரை இல்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். வலியையும் முடக்கத்தையும் குறைப்பது வேறு, படத்தை மாற்றுவது வேறு.

படமும் வலியும்

எக்ஸ்ரே படத்தில் இந்நோயை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையை, பிரிட்டனைச் சேர்ந்த கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1957ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இன்றும் மருத்துவ அறிக்கைகளில் காணப்படும் 'கிரேடு 3', 'கிரேடு 4' என்ற சொற்களின் மூலம் அதுதான்.

ஆனால் அந்த எண் நோயாளியின் வலியை அளப்பதில்லை. படத்தில் மிக மோசமாகத் தெரியும் முழங்காலுடன் வலியின்றி நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். படத்தில் சிறிதளவே மாற்றம் தெரிய, படி ஏற முடியாமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள்.

எம்ஆர்ஐ படத்தின் கதையும் இதுவே. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 50 வயதுக்கும் 90 வயதுக்கும் இடைப்பட்ட 991 பேரின் முழங்கால்களை எம்ஆர்ஐ செய்து பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. மூட்டுச் சவ்வில் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதத்தினருக்கு, அதற்கு முந்தைய மாதத்தில் முழங்காலில் வலியோ இறுக்கமோ இருந்திருக்கவில்லை. நடுத்தர வயதில் 'சவ்வு கிழிந்திருக்கிறது' என்ற அறிக்கையைக் கையில் வாங்கிக் கலங்குபவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம். நரைமுடியைப் போல வயதோடு வரும் மாற்றமாகவும் அது இருக்கக்கூடும்.

பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் நிறுவனம், 2022 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டலில் இதனைத் தெளிவாகவே கூறிவிட்டது. வயது 45 அல்லது அதற்கு மேல், நடமாடும்போது கூடும் மூட்டுவலி, காலையில் இறுக்கம் இல்லாமை அல்லது இருந்தாலும் 30 நிமிடங்களுக்கு மேல் நீடிக்காமை: இவை மூன்றும் பொருந்தினால் படம் எதுவும் எடுக்காமலே நோயை உறுதி செய்யலாம். எக்ஸ்ரே எடுக்காமல் அனுப்பிவிட்டார்களே என்று பொது மருத்துவர் மீது மனக்குறை கொள்ளும் நம்மவர்கள், அது அலட்சியமாக இல்லாமலும் இருக்கலாம் என்பதை அறிந்திருப்பது நல்லது.

வேறு நோய்களைச் சந்தேகிக்க வேண்டிய தருணங்களும் உண்டு. மூட்டு திடீரெனச் சிவந்து சூடாகி வீங்கினால், அதிலும் காய்ச்சலும் சேர்ந்தால், அன்றே மருத்துவ உதவி நாட வேண்டும்; அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்தையும் தாண்டி நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதம் எனப்படும் வேறொரு நோயை நினைக்க வேண்டும். ஓய்விலும் இரவிலும் இடைவிடாமல் கூடிக்கொண்டே போகும் வலி, காரணமற்ற எடைக் குறைவு ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. இடுப்பு மூட்டின் நோய், முழங்கால் வலியாகத் தன்னைக் காட்டிக்கொள்வதும் உண்டு.

குளிர் நாடுகளில் வாழும் தெற்காசியருக்கு இன்னொன்றும் பொருந்தும். கருநிறத் தோலும் குறைந்த வெயிலும் சேரும்போது வைட்டமின் டி பற்றாக்குறை எளிதில் ஏற்படுகிறது. அது கடுமையானால் எலும்பு வலியும் தொடைத் தசைத் தளர்ச்சியும் உண்டாகும். அதனைத் தேய்மானம் என்று தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு. இரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டறியலாம். ஆனால் பற்றாக்குறை இல்லாதவர் வைட்டமின் டி விழுங்குவதால் முழங்கால் நோய் மட்டுப்படுவதாக நிரூபிக்கப்படவில்லை.

யாருக்கு வருகிறது

வயது, பெண்ணாக இருத்தல், உடல் எடை, குடும்ப வழி, முன்பு ஏற்பட்ட மூட்டுக் காயம் ஆகியவை அறியப்பட்ட காரணிகள். இளமையில் கால்பந்து ஆடி தசைநார் அறுந்தவர், பத்து இருபது ஆண்டுகள் கழித்து அதன் விலையைக் கொடுக்க நேரிடலாம். நாள்தோறும் மண்டியிட்டும் குந்தியிருந்தும் பாரம் தூக்கும் தொழில்களும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

குந்தியிருப்பதைப் பற்றிச் சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் நடந்த ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. அங்குள்ள முதிய பெண்கள் அமெரிக்கப் பெண்களைவிட ஒல்லியானவர்கள். எனினும் முழங்கால் நோய் அவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டது. இளமையில் தினமும் நெடுநேரம் குந்தியிருந்தவர்களிடம் அது கூடுதலாக இருந்ததும் தெரியவந்தது. தரையில் அமர்ந்து அரிந்து, தரையில் அமர்ந்து உண்டு, குந்தியிருந்து துணி துவைத்து வளர்ந்த தமிழ்ப் பெண்களுக்கு இது அந்நியமான செய்தி அல்ல. ஆனால் இதிலிருந்து தரையில் அமர்வதே தீங்கு என்ற முடிவுக்குத் தாவிவிடத் தேவையில்லை. மணிக்கணக்கில் குந்தியிருப்பதும், கோயிலில் சிறிது நேரம் சம்மணமிட்டு அமர்வதும் ஒன்றல்ல.

மருந்தாகும் அசைவு

பல நாடுகளின் வழிகாட்டல்கள் ஒரே குரலில் முதலிடம் தருவது உடற்பயிற்சிக்கும், எடை மிகுந்தவர்களுக்கு எடைக் குறைப்புக்கும்தான். வலிக்கும் மூட்டை அசைக்கச் சொல்வது நோயாளிக்குக் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் முழங்காலைத் தாங்கி நிற்பது தொடையின் முன்பக்கத் தசை. ஓய்வு அந்தத் தசையை மெலிய வைக்கிறது; மெலிந்த தசை சுமையை மூட்டிடமே விட்டுவிடுகிறது; வலி கூடுகிறது; வலி கூடினால் மேலும் ஓய்வு. இந்தச் சுழலை உடைக்க மருந்துக் கடையில் எதுவும் விற்கப்படுவதில்லை.

எளிய பயிற்சிகளே போதும். நாற்காலியில் அமர்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டிச் சில நொடிகள் நிறுத்தி இறக்குவது ஒன்று. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மீண்டும் மெதுவாக அமர்வது மற்றொன்று. இவற்றுடன் சமதரையில் நடை, மிதிவண்டி, நீச்சல் குளம் என எது இயலுமோ அது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், இரண்டாம் வாரத்தில் கைவிடுவோர்தான் அதிகம்.

பயிற்சியின்போது வலித்தால் மூட்டு சேதமாகிறது என்று பொருளல்ல. வலி பொறுக்கக்கூடிய அளவில் இருந்து, மறுநாளுக்குள் வழக்கமான நிலைக்குத் திரும்பிவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலி கூடியே இருந்தால் அல்லது மூட்டு வீங்கினால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை என்பதே இயன்முறை மருத்துவர்கள் பின்பற்றும் விதி. டென்மார்க்கில் 2013இல் தொடங்கப்பட்ட கிளாட் என்ற திட்டம், நோய் பற்றிய விளக்க வகுப்புகளையும் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியையும் இணைத்து வழங்குகிறது. கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளிலும் இது இப்போது கிடைக்கிறது. பனி உறைந்த வீதியில் வழுக்கி விழும் அச்சம் உள்ளவர்கள், கனடாவில் பலர் செய்வது போல, வணிக வளாகங்களுக்குள் நடைபயிலலாம்.

கைத்தடி பிடிப்பதை முதுமையின் தோல்வியாக எண்ணுவோர் பலர். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால் அது மூட்டின் சுமையைக் கணிசமாகக் குறைக்கும். பெரும்பாலோர் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல காலும், இறங்கும்போது வலிக்கும் காலும் முதலில் செல்ல வேண்டும்.

எடையைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் வட கரோலைனாவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வொன்று ஓர் எளிய கணக்கைத் தந்தது. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதான சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான அடிகள் என்று பெருக்கிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். தெற்காசியருக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே எடை மிகுதி என்று பிரிட்டன் வழிகாட்டல்கள் கொள்கின்றன என்பதும் கவனிக்கத்தக்கது.

செமாகுளூடைடு என்ற எடைக் குறைப்பு ஊசி மருந்து பற்றிய ஆய்வு 2024 அக்டோபரில் வெளியாகிப் பரவலாகப் பேசப்பட்டது. உடற்பருமனும் முழங்கால் நோயும் உள்ள 407 பேரில், 68 வாரங்களில் மருந்து பெற்றவர்களின் எடை 13.7 சதவீதமும், போலி ஊசி பெற்றவர்களின் எடை 3.2 சதவீதமும் குறைந்தன. 100 புள்ளி அளவுகோலில் முன்னவர்களின் வலி சுமார் 42 புள்ளிகளும், பின்னவர்களின் வலி சுமார் 28 புள்ளிகளும் குறைந்தன. வித்தியாசம் மெய்யானது. ஆனால் வெறும் ஊசியும் உணவு, நடமாட்டம் பற்றிய ஆலோசனையும் பெற்றவர்களுக்கே 28 புள்ளிகள் குறைந்தன என்ற செய்திக்குத் தலைப்புகளில் இடம் கிடைக்கவில்லை.

மாத்திரை, ஊசி, சூரணம்

மருந்துகளில் முதலில் முயல வேண்டியது, முழங்காலின் மேல் தடவும் அழற்சி எதிர்ப்புக் களிம்பு. பலன் போதாதபோதே அதே வகை மாத்திரைகள், குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு. வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு, இதயச் சிக்கல் ஆகிய மூன்று ஆபத்துகளும் அவற்றுக்கு உண்டு. இவ்வகையைச் சேர்ந்த வயாக்ஸ் என்ற மாத்திரையை, மாரடைப்பு அபாயத்தின் காரணமாக அதன் தயாரிப்பாளரான மெர்க் நிறுவனம் 2004 செப்டம்பரில் உலகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் மிகுந்த நமது சமூகத்தில், கடையில் தானே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் பழக்கம் கவலைக்குரியது. பாரசிட்டமால் பெரிய அளவில் பயன் தருவதில்லை என்பதால் நைஸ் வழிகாட்டல் அதனை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைப்பதில்லை. கடுமையான ஓபியாய்டு வலிநிவாரணிகளையும் அது நிராகரிக்கிறது.

குளுக்கோசமைன் மாத்திரைகள் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் அலமாரிகளில் இடம் பிடித்திருக்கின்றன. அமெரிக்க அரசு நிதியுடன் 1,583 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், அது ஒட்டுமொத்தமாகப் போலி மாத்திரையைவிடச் சிறந்ததாகத் தெரியவில்லை. மூட்டுக்குள் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு ஆறுதல் தரும். ஆனால் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை என இரண்டாண்டுகள் அதைத் தொடர்ந்து செலுத்திப் பார்த்த 2017ஆம் ஆண்டின் ஆய்வில், வலியில் வேறுபாடு இல்லை. குருத்தெலும்பின் இழப்பு மட்டும் கூடியிருந்தது.

ஊரிலிருந்து வருபவர்களின் பெட்டியில் தைலப் போத்தல் இல்லாமல் இருக்காது. தைலம் தேய்த்து வெந்நீர் ஒற்றடம் கொடுப்பதில் சுகம் உண்டு, தீங்கில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொடிகளும் மாத்திரைகளும் வேறு விஷயம். மூட்டுவலிக்கு இயற்கைப் பொருள் என்று விற்கப்பட்ட ஆர்ட்ரி கிங் என்ற மாத்திரையில், உறையில் குறிப்பிடப்படாத ஸ்டீராய்டும் வலிநிவாரணியும் கலந்திருப்பதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று ஒரு சூரணம் புகழப்பட்டால், மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுவதே சரி.

போலி அறுவை சிகிச்சை ஒன்று

சிறு துளையிட்டுக் கருவியை உள்ளே செலுத்தி, மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி அறுவை ஒரு காலத்தில் இந்நோய்க்கு மிகப் பரவலாகச் செய்யப்பட்டது. செய்துகொண்டவர்களில் பலர் நலமடைந்ததாகவும் கூறினர்.

டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில், புரூஸ் மோஸ்லி என்ற அறுவை மருத்துவர் இதனைச் சோதிக்க முன்வந்தார். 180 நோயாளிகள் மூன்று குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு மூட்டு கழுவப்பட்டது. இன்னொரு குழுவினருக்குச் சிதைந்த பகுதிகளும் சீவி அகற்றப்பட்டன. மூன்றாவது குழுவினருக்குத் தோலில் கீறல் மட்டுமே போடப்பட்டது. மருத்துவர் கருவிகளைக் கேட்டு வாங்கினார், காலை அசைத்தார், கழுவும் ஓசைக்காகத் தண்ணீர் தெளிக்கப்பட்டது. கருவி எதுவும் மூட்டுக்குள் நுழையவில்லை.

முடிவு 2002இல் வெளியானது. இரண்டாண்டுகள் கண்காணித்த பின்னும், வலியிலோ நடமாட்டத்திலோ மூன்று குழுக்களுக்கும் இடையே வேறுபாடு இருக்கவில்லை. கனடாவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வும், நல்ல மருந்து மற்றும் பயிற்சிச் சிகிச்சையுடன் இந்த அறுவையைச் சேர்ப்பதால் கூடுதல் பலன் இல்லை என்றே கண்டது. முழங்கால் தேய்மானத்துக்காகக் கழுவிச் சீவும் இந்த அறுவையைச் செய்ய வேண்டாம் என்கிறது நைஸ். எனினும் தனியார் மருத்துவமனை ஒன்றில் 'ஒரு சின்ன கிளீனிங்' என்று யோசனை கூறப்படுவது இன்றும் நின்றுவிடவில்லை.

மூட்டு மாற்று

முழு மூட்டு மாற்று அறுவை வேறு வகை. உரிய நோயாளிக்கு அது பெரும் விடுதலை. 2000 அக்டோபரில் இந்தியப் பிரதமர் அடல் பிஹாரி வாஜ்பாயி மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முழங்காலையும், அடுத்த ஆண்டு வலது முழங்காலையும் மாற்றிக்கொண்டபோது, சாதாரண மக்களிடையேயும் இந்தச் சிகிச்சையின் பெயர் பரவியது. அவருக்கு அறுவை செய்த சித்தரஞ்சன் ரணாவத், 1970களில் நியூயார்க்கில் நவீன செயற்கை முழங்காலை உருவாக்கிய குழுவைச் சேர்ந்தவர்.

செயற்கை முழங்கால்களில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் வரை தாக்குப்பிடிக்கும் என்று 2019இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மறுபுறம், அறுவைக்குப் பின்னும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீடித்த வலி எஞ்சுகிறது.

டென்மார்க்கில் 100 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு இரு தரப்புக்கும் நியாயம் செய்கிறது. அனைவருக்கும் பயிற்சி, உணவு ஆலோசனை, மருந்து அடங்கிய 12 வாரச் சிகிச்சை. அவர்களில் பாதிப் பேருக்கு முதலில் மூட்டு மாற்றும். ஓராண்டில் மூட்டு மாற்றியவர்களே தெளிவாக அதிக நலம் பெற்றனர். ஆனால் கடும் பக்கவிளைவுகள் அவர்களிடம் 24, மற்றவர்களிடம் 6. அறுவையின்றித் தொடங்கிய 50 பேரில் 13 பேர் மட்டுமே அந்த ஓராண்டுக்குள் அறுவையை நாடினர்.

முறையான பயிற்சிக்குப் பின்னும் வலி உறக்கத்தைக் கெடுத்து, வெளியில் செல்வதை முடக்கினால் அறுவைக்கான நேரம் வந்துவிட்டது எனலாம். வயதையோ எடையையோ மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்கிறது நைஸ். காத்திருப்புப் பட்டியல் நீளும்போது சென்னைக்குச் சென்று செய்துகொள்ளலாமா என்ற யோசனை பல குடும்பங்களில் எழுகிறது. இந்திய அரசு 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால்களுக்கு விலை உச்சவரம்பு விதித்ததும் இதற்கு ஒரு தூண்டுதல். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: திரும்பிய பின் தையலில் சீழ் பிடித்தால் யார் பார்ப்பார்கள்? மாதக்கணக்கான இயன்முறைச் சிகிச்சையை எங்கே பெறுவது? இரத்தக் கட்டி ஏற்படும் ஆபத்துள்ள முதல் வாரங்களில் நீண்ட விமானப் பயணம் தேவையா?

தரையில் அமர்வதும் மண்டியிடுவதும் மாற்று மூட்டுடன் பலருக்கும் கடினம். வழிபாடும் விருந்தும் தரையோடு பிணைந்த வாழ்க்கை உள்ளவர்கள் இதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது. அறுவைக்குக் காத்திருக்கும் காலத்தில் தொடைத் தசையை வலுப்படுத்துமாறும் இயன்முறை மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ, புதிய முழங்காலுடன் நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி நடக்க வைத்துவிடுகிறார்கள்.